‘கொஞ்சூண்டு’ கதிர்வீச்சு பட்டால் கேன்சர் வருமா, வராதா? எண்ணூர் முதல் கேரளா வரை நீளும் விவாதம்

மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் ஆலைகளில் நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. குழாயில் வெல்டிங் முடிந்த இடத்தைச் சுற்றி கயிறு கட்டுவார்கள். மூன்று இதழ் போட்ட கதிர்வீச்சு எச்சரிக்கை போர்டு மாட்டுவார்கள். மற்ற தொழிலாளர்கள் வெளியே. உள்ளே இரண்டு மூன்று பேர் மட்டும் நிற்பார்கள். அவர்கள் சட்டையில் சின்னதாக ஒரு பேட்ஜ் தொங்கும்.

அவர்கள் செய்வது ரேடியோகிராபி. வெல்டிங்குக்குள்ளே விரிசல், காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று எக்ஸ்ரே மாதிரி படம் எடுத்துப் பார்க்கும் வேலை. இதற்குப் பெரும்பாலும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், கப்பல் கட்டும் தளம் என எல்லாம் ஒரே பெல்ட்டில் இருக்கும் வடசென்னையில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை.

விதிப்படி வேலை நடந்தால் அந்தத் தொழிலாளி மேல் ஒரு நாளைக்குப் படும் கதிர்வீச்சு மிகக் குறைவுதான். ஆனால் 20 வருஷம் இதே வேலையைப் பார்த்தால்? கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த அந்த டோஸால் கேன்சர் வருமா? எளிதான கேள்வி மாதிரி தெரிகிறது. ஆனால் உலக விஞ்ஞானிகள் 70 வருஷத்துக்கு மேலாக இதற்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எது குறைவு, எது அதிகம்?

கதிர்வீச்சு உடம்பில் ஏற்படுத்தும் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். நீங்கள் எந்த ஆலைப் பக்கமும் போகாமல் வீட்டிலேயே இருந்தாலும் மண், காற்று, சாப்பாடு, விண்வெளி எல்லாம் சேர்ந்து வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் தருகின்றன. இது உலக சராசரி. மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 அல்லது அதற்கும் கீழே. வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால் சுமார் 10.

இயற்கையில் வருவதும் சிகிச்சைக்கு எடுப்பதும் போக, பொதுமக்களுக்குக் கூடுதலாக வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு. கதிர்வீச்சோடு வேலை செய்பவர்களுக்கு ஐந்து வருஷ சராசரியாக ஆண்டுக்கு 20. எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இது ஏ.இ.ஆர்.பி. எனப்படும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு.

பொதுவாக 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே இருப்பதை ‘குறைந்த அளவு’ என்கிறார்கள். மொத்தச் சண்டையும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான்.

அதிக டோஸ் விஷயத்தில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்பு மார்க்கெட்டில் நடந்தது ஞாபகம் இருக்கலாம். டெல்லி பல்கலைக்கழகத்தில் பல வருஷம் சும்மா கிடந்த ஒரு கருவியை ஏலத்தில் விட்டார்கள். அதற்குள் கோபால்ட்-60 இருந்தது தெரியாமல் அதைப் பிரித்துவிட்டார்கள். ஒருவர் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அங்கே யார் பாதிக்கப்பட்டார், எதனால் என்று டாக்டரால் கைகாட்ட முடிந்தது. குறைந்த டோஸில் அப்படிக் கைகாட்ட முடியாது.

ஒரு நேர்கோடு கிளப்பிய தகராறு

1945-ல் ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டு விழுந்தபோது அந்த நகரங்களில் இருந்து உயிர் பிழைத்தவர்களில் சுமார் 94,000 பேரை 1950-லிருந்து தொடர்ந்து கண்காணித்து வருகிறார்கள். கதிர்வீச்சுக்கும் கேன்சருக்கும் உள்ள உறவு பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்கள் உடம்பிலிருந்து வந்ததுதான். டோஸ் கூடக் கூட கேன்சரும் கூடுகிறது. அதைக் கிராஃபில் போட்டால் கிட்டத்தட்ட நேர்கோடு மாதிரி ஏறுகிறது.

ஆனால் அந்தக் கோட்டின் அடிப்பகுதியில், அதாவது மிகக் குறைந்த டோஸ் இருக்கும் இடத்தில், புள்ளிகள் தெளிவாக இல்லை. அங்கே என்ன செய்வது? மேலே இருக்கும் கோட்டை அப்படியே பூஜ்ஜியம் வரை இழுத்துவிடு என்றார்கள். எவ்வளவு சின்ன டோஸாக இருந்தாலும் அதற்கேற்ற சின்ன ஆபத்து உண்டு, ‘இதுவரை பாதுகாப்பு’ என்று ஒரு எல்லை கிடையாது என்பதுதான் இதன் அர்த்தம். ஆங்கிலத்தில் எல்.என்.டி. என்பார்கள். நாம் ‘நேர்கோட்டுக் கணக்கு’ என்று வைத்துக்கொள்வோம்.

ஐ.சி.ஆர்.பி. என்ற சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு 2007-ல் கொடுத்த பரிந்துரை இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. 1,000 மில்லிசீவர்ட்டுக்கு கேன்சர் ஆபத்து சுமார் 5.5% கூடும். வேலை பார்க்கும் வயதினருக்கு 4.1%. குழந்தைகள் இல்லாத கூட்டம் என்பதால் அது கொஞ்சம் குறைவு. இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் பாதிப்பு பாதிதான் என்று எடுத்துக்கொண்டு, ஜப்பான் தரவில் வந்த எண்ணை இரண்டால் வகுத்துத்தான் இந்த எண்ணுக்கு வந்தார்கள். ‘ஏன் இரண்டு? ஒன்றரையாக இருக்கக் கூடாதா? ஒன்றாகவே இருக்கக் கூடாதா?’ என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

2005-ல் பிரான்ஸ் அறிவியல் அகாடமி இந்த நேர்கோட்டைக் கேள்வி கேட்டது. செல்லுக்குள் சின்னச் சின்ன டி.என்.ஏ. சேதத்தை உடம்பே சரிசெய்துகொள்கிறது, அதனால் குறைந்த டோஸில் ஆபத்து இந்தக் கணக்கு சொல்வதைவிடக் குறைவாக இருக்கலாம் என்றது. அதே வருஷமே அமெரிக்க தேசிய அகாடமியின் குழு, கையில் இருக்கும் ஆதாரங்களுக்கு நேர்கோடுதான் பொருந்துகிறது என்றது. இரண்டு தரப்பும் பெரிய மேதைகள், கையில் இருந்ததும் பெரும்பாலும் அதே ஆய்வுகள். முடிவு மட்டும் வேறு.

ஆள் எண்ணிப் பார்த்தால் தெரியாதா?

தெரியாது. ஏன் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ரேடியோகிராபி வேலை பார்ப்பவர் வருஷத்துக்கு 2 மில்லிசீவர்ட் வாங்குகிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 20 வருஷத்தில் 40. நேர்கோட்டுக் கணக்குப்படி அவருக்குக் கூடும் ஆபத்து 0.16% சுமார். இப்படி 10,000 பேர் இருந்தால் கூடுதலாக 16 பேருக்கு கேன்சர் வரலாம்.

இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது கேன்சர் வரலாம் என்று ஐ.சி.எம்.ஆர். மதிப்பிட்டிருக்கிறது. அப்படியென்றால் அந்த 10,000 பேரில் கதிர்வீச்சே படாவிட்டாலும் சுமார் 1,100 பேருக்கு வரும். அந்த 1,100-ம் நிலையாக நிற்காது. வெறும் தற்செயலாலேயே 30, 35 கூடும் குறையும். யார் புகையிலை போடுகிறார், யார் பீடி குடிக்கிறார் என்பதால் இன்னும் அதிகமாகவே மாறும்.

ஆக, 1,100-க்கும் 1,116-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் புள்ளிவிவர நிபுணராலும் பிரித்துப் பார்க்க முடியாது. 1,000 அளவு டோஸின் விளைவைக் காண 500 பேர் போதும் என்றால், 100-க்கு 50,000 பேர் வேண்டும், 10-க்கு 50 லட்சம் பேர் வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். டோஸ் பத்து மடங்கு குறைந்தால் ஆள் நூறு மடங்கு தேவை.

‘பாதிப்பு கண்டுபிடிக்கப்படவில்லை’ என்று ஒரு அறிக்கை வந்தால், அதை ‘பாதிப்பே இல்லை’ என்று படிக்கக் கூடாது என்பது இதனால்தான். அதேபோல, சின்ன டோஸை லட்சக்கணக்கான மக்களால் பெருக்கி ‘இத்தனை ஆயிரம் பேர் சாவார்கள்’ என்று போஸ்டர் அடிப்பதும் தப்பு. ஐ.நா.வின் கதிர்வீச்சு ஆய்வுக் குழுவே 2012 அறிக்கையில் இப்படிப் பெருக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. நேர்கோட்டுக் கணக்கு வரம்பு வைப்பதற்காக உண்டான கருவி, பிணம் எண்ணுவதற்காக இல்லை. நம்ம ஊர் டிவி விவாதங்களில் இரண்டு தரப்பும் இந்த இரண்டு தப்பையும் மாற்றி மாற்றிச் செய்வதைப் பார்க்கலாம்.

கருநாகப்பள்ளி சொல்வது என்ன?

இந்த விவாதத்தில் உலகமே திரும்பிப் பார்க்கும் ஒரு ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளாவின் கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளி. சவறா, நீண்டகரை கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. அதில் தோரியம். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலிலும் இதே தாதுதான், அங்கேயும் மணல் ஆலை ஓடுகிறது. கருநாகப்பள்ளி கரையோரத்தில் சில இடங்களில் வருஷத்துக்கு 70 மில்லிகிரே வரை பதிவாகியிருக்கிறது. (இந்த வகைக் கதிருக்கு மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.) ஆலைத் தொழிலாளிக்கு அனுமதிக்கும் அளவைவிட மூன்று மடங்குக்கு மேல். அதுவும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் மீனவக் குடும்பங்களுக்கு.

திருவனந்தபுரம் மண்டல புற்றுநோய் மையம் 1990-ல் அங்கே கேன்சர் பதிவேடு தொடங்கியது. வீடு வீடாகப் போய் உள்ளேயும் வெளியேயும் கதிர்வீச்சை அளந்தார்கள். 2009-ல் வெளியான முடிவு, 69,958 பேரைச் சராசரியாக பத்தரை வருஷம் பின்தொடர்ந்தது. அவர்களில் 1,379 பேருக்கு கேன்சர். டோஸ் கூடியதால் கேன்சர் கூடியதா? இல்லை. உண்மையில் கணக்கு லேசாகக் கீழே இறங்கியது. 1,000 மில்லிகிரேக்கு 13% குறைவு.

‘பார்த்தீங்களா, கதிர்வீச்சு ஒண்ணும் செய்யாது’ என்று அணுசக்தி ஆதரவாளர்கள் அடிக்கடி காட்டும் ஆய்வு இதுதான். ஆனால் அதே ஆய்வில் பிழை வரம்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உண்மையான எண் 58% குறைவிலிருந்து 46% கூடுதல் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள் மொத்தமே 30 பேர். அதை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு பக்கம், பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டு அணுசக்தித் தொழிலாளர்கள் 3,09,932 பேரை வைத்து ‘இன்வொர்க்ஸ்’ என்ற ஆய்வு நடந்தது. இவர்கள் எல்லோரும் பேட்ஜ் போட்டவர்கள், கொஞ்சம் கொஞ்சமாக டோஸ் வாங்கியவர்கள். நம்ம ரேடியோகிராபி தொழிலாளிக்கு உலகத்தில் இருக்கும் மிக நெருக்கமான ஒப்பீடு இதுதான் என்று சொல்லலாம். 2023-ல் வந்த முடிவுப்படி, ரத்தப் புற்றுநோய் அல்லாத கட்டிவகைக் கேன்சரால் இறக்கும் ஆபத்து 1,000 மில்லிகிரேக்கு 52% கூடுகிறது. பிழை வரம்பு 27 முதல் 77 வரை. ஜப்பானில் ஒரே நொடியில் டோஸ் வாங்கியவர்களைவிட இவர்களுக்கு ஆபத்து குறைவு என்று காட்ட ஆதாரம் கிடைக்கவில்லை. ‘மெதுவாகப் பட்டால் பாதிதான்’ என்ற வாதத்துக்கு இது பெரிய அடி.

அப்போ கேரளா ஒன்று சொல்கிறது, ஐரோப்பா வேறொன்று சொல்கிறதா? முழுசாக அப்படியும் இல்லை. ஒன்றின் வரம்பு 46 வரை மேலே போகிறது, இன்னொன்றின் வரம்பு 27 வரை கீழே வருகிறது. இடையில் இரண்டும் ஒத்துப்போகும் இடம் இருக்கிறது. ஒன்று நோய் வந்ததை எண்ணியது, மற்றது இறப்பை எண்ணியது என்ற வித்தியாசமும் உண்டு. தலைப்புச் செய்தியில் இரண்டும் எதிரெதிர், கணக்கில் அவ்வளவு தூரமில்லை.

குழந்தைகள் விஷயத்தில் சந்தேகம் இன்னும் குறைகிறது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் சி.டி. ஸ்கேன் எடுத்த சுமார் 9.5 லட்சம் குழந்தைகள், இளைஞர்களை ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டார்கள். 10,000 பிள்ளைகளுக்கு இன்று ஒரு சி.டி. எடுத்தால், அடுத்த 12 வருஷத்தில் அதனால் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு ரத்தம் தொடர்பான கேன்சர் வரலாம் என்கிறது கணக்கு. தலையில் அடிபட்ட குழந்தைக்கு டாக்டர் ஸ்கேன் எழுதினால் பயப்படாமல் எடுங்கள். தேவைக்கு எடுப்பதன் பலன் இதைவிடப் பல மடங்கு. ‘எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்’ என்று நாமாகக் கேட்டு எடுப்பதுதான் வேண்டாத வேலை.

சாம்பலில் கதிர்வீச்சு இருக்கிறதா?

ரேடியோகிராபி வேலைக்கே போகாத, எண்ணூரில் சும்மா குடியிருக்கும் குடும்பத்துக்கு என்ன? அவர்கள் கேட்பது நிலக்கரிச் சாம்பலைப் பற்றி.

நிலக்கரியில் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் உண்டு. எரிந்து கரி போனதும் அவை சாம்பலில் தங்கிச் செறிவாகின்றன. நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 45% வரை சாம்பல்தான். ஒரே அளவு மின்சாரத்துக்கு, விபத்தில்லாமல் ஓடும் அணுமின் நிலையத்தைவிட நிலக்கரி நிலையத்தின் புகையால் சுற்றியுள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு அதிகம் படலாம் என்று 1978-லேயே ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது அதுதான். அதில் விடுபட்டுப்போவது ஒன்று உண்டு. இரண்டு நிலையங்களிலிருந்தும் வரும் அளவு, இயற்கையாக நமக்குக் கிடைக்கும் கதிர்வீச்சில் மிகச் சிறிய பங்குதான்.

1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூரும் ஓடுகின்றன. செப்பாக்கம் சாம்பல் குளம், குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் கலந்த சாம்பல் குழம்பு, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு எல்லாம் இந்தப் பகுதி மக்களுக்கு நன்றாகவே தெரியும். ராயபுரத்துக்காரர்களுக்கு இன்னும் பழைய அனுபவம். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதால் தூசு தாங்க முடியாமல், 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லித்தான் அது நின்றது.

இதில் என் கணிப்பு ஒன்று. எண்ணூர் வீட்டுத் திண்ணையில் படியும் சாம்பலில் முதலில் பயப்பட வேண்டியது கதிர்வீச்சுக்கு அல்ல. நுரையீரலுக்குள் போகும் நுண்தூசிக்கும், தண்ணீரில் இறங்கும் கன உலோகங்களுக்கும்தான். வெளிக்காற்று மாசு கேன்சரை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் கேன்சர் ஆய்வு நிறுவனம் 2013-ல் உறுதிப்படுத்தியது. கதிர்வீச்சு இருக்கும் அதே முதல் பட்டியலில் அதையும் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்லும், ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லாது. அதையும் கவனிக்க வேண்டும்.

அதற்காக, சாம்பலில் கதிர்வீச்சை அளக்கவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. அளந்து, ஊர் பெயரோடு, எண்ணோடு, தமிழில் வெளியிட்டால் வதந்திக்கு இடமே இருக்காது.

நஷ்டஈடு கேட்டால் என்ன ஆகும்?

விவாதம் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து ஒரு குடும்பத்தின் பையில் கைவைக்கும் இடம் இது. நம் உதாரணத்தில் கேன்சர் வந்த 1,116 பேரில் 16 பேருக்குத்தான் கதிர்வீச்சு காரணம். அந்த 16 பேர் யார்? தெரியாது. கதிர்வீச்சால் வந்த கட்டிக்கும் மற்றக் கட்டிக்கும் பயாப்ஸியில் வித்தியாசம் காட்ட முடியாது. ஒவ்வொருவரிடமும் ‘உங்களுக்குக் கதிர்வீச்சு காரணமாக இருக்க வாய்ப்பு 1.4%’ என்றுதான் சொல்ல முடியும்.

பிரிட்டனில் அணுசக்தித் துறைத் தொழிலாளர்களுக்கு 1982 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. வாய்ப்பு 20% இருந்தாலே ஒரு பங்கு இழப்பீடு, கூடக் கூடத் தொகையும் கூடும். அமெரிக்கா 2000-ல் கொண்டுவந்த சட்டத்தில் 50% வேண்டும், ஆனால் கணக்கில் உள்ள சந்தேகம் முழுவதையும் தொழிலாளிக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது, நேர்கோடா வளைகோடா என்ற சண்டையில் எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் செக்கில் எழுதும் தொகை.

இந்தியாவில் 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே ‘அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய்கள்’ தொழில்சார் நோயாக இருந்தது. 2020-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் இந்தப் பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை பார்த்திருந்தால்தான் நோய் வேலையால் வந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். மூணு மாசம் ஒரு கான்ட்ராக்டர், அடுத்த மூணு மாசம் இன்னொருத்தர் என்று ஓடும் பையனுக்கு இந்த வரி எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. கேன்சரோ பத்து, இருபது வருஷம் கழித்துத்தான் எட்டிப்பார்க்கும்.

இந்த நேரத்தில் அமெரிக்காவில் நேர்கோட்டுக் கணக்கையே கைவிடலாமா என்ற பேச்சு சூடு பிடித்திருக்கிறது. 2015-ல் சிலர் கொடுத்த மனுக்களை அங்குள்ள அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2021-ல் தள்ளுபடி செய்தது. ஆனால் 2025 மே மாதம் அதிபர் டிரம்ப் போட்ட உத்தரவு, அந்தக் கணக்கை நம்பியிருப்பதை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அணுமின் நிலையம் கட்டும் செலவு குறையும் என்பது அவர்கள் வாதம். அறிவியல் புதிதாக எதையும் தீர்த்து வைத்துவிடவில்லை.

பேட்ஜ் போடுபவர்கள் கேட்க வேண்டியது

உங்கள் வீட்டில் யாராவது ரேடியோகிராபி வேலைக்கோ, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, கேத் லேப் வேலைக்கோ போகிறார்கள் என்றால் இதைச் சொல்லி வையுங்கள். அந்த டி.எல்.டி. பேட்ஜைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஆய்வகத்துக்கு அனுப்பி டோஸ் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தொழிலாளியின் டோஸும் தேசிய அளவிலான ஒரு பதிவேட்டில் ஏறுகிறது. 2004-ம் ஆண்டு அணுசக்தி கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள்படி, தொழிலாளி கேட்டால் அவருடைய டோஸ் பதிவைக் கொடுக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. வேலை மாறினால் அந்தப் பதிவு புது இடத்துக்கும் போக வேண்டும்.

‘பேட்ஜ்ல ஜாஸ்தி காட்டினா வேலையை விட்டு எடுத்துடுவாங்க’ என்று அதைக் கழற்றி ரூமில் வைத்துவிட்டு வேலைக்குப் போனால், பதிவேட்டில் பூஜ்ஜியம்தான் ஏறும். 20 வருஷம் கழித்து எந்த நாட்டுக் கணக்கைப் போட்டாலும் பூஜ்ஜியத்தால் பெருக்கினால் பூஜ்ஜியம்தான் வரும். ஒவ்வொரு முறையும் ரிசல்ட் வந்ததும் அந்த எண்ணை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர் மாறினாலும் அது உங்களிடம் இருக்கும்.